உள்ளுறை இயங்குதளம், கெடுவுறுதி, காவற்கடிகை: மூன்று சொற்களுக்கான பரிந்துரை

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு கருவிக்குள்ளேயே இருந்து அதன் வேலையை நடத்தும் இயங்குதளமான ‘எம்பெடட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் தொடங்கிய உரையாடல் ‘உட்பொதி’, ‘பதிந்த’, ‘பொதிந்த’ என்னும் மூன்று முன்மொழிவுகளோடு நிற்கிறது. நான் நான்காவதாக ‘உள்ளுறை இயங்குதளம்’ என்பதை முன்வைக்கிறேன். மலேசியாவின் கூலிமில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்து இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சிலர் வார இறுதிகளில் கூடி மழைமானி ஒன்றைச் செய்து வருகிறார்கள். அவர்களுக்கான கைந்நூலைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் உள்ளது. சாலிடரிங் கோலைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெட்டிக்குள் நடப்பதைப் பிழையில்லாமல் உணர்த்தும் சொல்லே எனக்கு வேண்டும். அகராதிப் பக்கத்தில் அது எப்படித் தோன்றும் என்பது அதற்குப் பிறகுதான்.

செய்யும் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொற்களை அதில் வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன். தோட்ட அலுவலகத்தில் காலையில் கிராணி (எழுத்தர்) மழைக்குவளையைக் கவிழ்த்து அளந்து ஏட்டில் எழுதும் வழக்கம் நம்மில் பலருக்குத் தெரியும். பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் பட்டை நனைந்திருந்தால் அன்று பாலுக்காகப் பட்டையை வெட்டும் வேலை இல்லை. செம்பனையில் உரம் போட்ட பிறகு கொட்டும் மழை உரத்தை அடித்துக்கொண்டு போய்விடும். நாள் முழுவதும் பெய்த மழையின் மொத்த அளவைக் குவளை சொல்லும், ஆனால் எந்த நேரத்தில் எவ்வளவு வேகமாகப் பெய்தது என்று சொல்லாது. பிள்ளைகள் செய்யும் மானியில் ஒரு சிறு சாய்வாளி இருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை அது சாயும். சாயும்போது அதிலுள்ள காந்தம் ஒரு தொடுவிசையை மிகக் குறைந்த நேரத்துக்கு மூடித் திறக்கும். அந்தத் துடிப்பை எண்ணுவதும், மணிநேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் கைப்பேசி வலையமைப்பு வழியாக அனுப்புவதும் ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிச் சில்லின் வேலை. அதில் ஃப்ரீஆர்டாஸ் என்னும் இயங்குதளம் ஓடுகிறது.

இந்த ஃப்ரீஆர்டாஸை வைத்தே ‘பதிந்த’ என்னும் சொல்லைச் சோதிக்கலாம். ரிச்சர்ட் பாரி என்பவர் 2003ஆம் ஆண்டில் உருவாக்கிய இந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரல் சில கிலோபைட் அளவே கொண்டது. மேசைக் கணினியில் இயங்குதளத்தை முதலில் நிறுவி, பிறகு செயலிகளை ஒவ்வொன்றாக ஏற்றுவது போன்ற வரிசை இதில் கிடையாது. நாம் எழுதும் மழை எண்ணும் நிரலும் இயங்குதளமும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, ஒரே கோப்பாகச் சில்லுக்குள் போகின்றன. எங்கே இயங்குதளம் முடிகிறது, எங்கே நம் நிரல் தொடங்குகிறது என்று அந்தச் சில்லுக்குத் தெரியாது. அப்படியிருக்க ‘பதிந்த இயங்குதளம்’ என்று எழுதினால், யாரோ தனியாக எடுத்துவந்து பதித்த ஒன்று என்ற எண்ணமே பிள்ளைக்கு எழும். மேலும் ‘பதிவு’, ‘பதிவேற்று’, ‘பதிந்துகொள்’ என்று அந்த வேர் கணினித் தமிழில் ஏற்கெனவே வேறு பல வேலைகளைச் சுமக்கிறது. ‘பதிந்த இயங்குதளம்’ என்றால் பதிவுசெய்து உரிமம் பெற்றது என்று ஒருவர் படித்தாலும் அவரைக் குறைசொல்ல முடியாது.

‘உட்பொதி’க்கு இதைவிட வலுவான தடை இருக்கிறது. இணையப் பக்கத்தில் வேறொரு தளத்தின் காணொளியைக் கொண்டுவந்து வைப்பதற்கு அந்தச் சொல் பழகிவிட்டது. அங்கே வைக்கப்படும் பொருள் பார்வைக்கு வேண்டும் என்றே வைக்கப்படுகிறது. நம் கருவியில் இயங்குதளம் கண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரியும் நாள் பழுதான நாள். சலவை இயந்திரத்தை வாங்குகிறவர் அதற்குள் இயங்குதளம் இருக்கிறதா என்று கேட்பதில்லை, கேட்கவேண்டிய தேவையும் இல்லை. இந்த இரண்டு எதிர்நிலைகளையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆங்கிலத்தின் வழக்கம். அந்த நெருக்கடியை நாம் ஏற்கவேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் கேட்கும் மலாய்ச் சொல் ‘தெர்பெனாம்’, மூழ்கியது என்று பொருள்படும். மறைந்திருத்தல் என்னும் கூற்றை அது பிடித்துவிடுகிறது, ஆனால் மூழ்கியது செயலற்றுக் கிடப்பதாகவும் ஒலிக்கிறது.

‘உறைதல்’ என்றால் தங்கி வாழ்தல். உள்ளே தங்கி வாழ்ந்துகொண்டே, அந்த வீட்டின் வேலையைத் தன் வேலையாகச் செய்வது உள்ளுறை. பாட்டின் மேற்பரப்பில் சொல்லாமல், கருப்பொருளுக்குள் கருத்தை இருத்திப் பாட்டையே நடத்துவதைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழிலக்கியம் எடுக்கும் பிள்ளைக்கு இந்தச் சொல் அந்நியமாக இருக்காது. தனிக் கோப்பாகத் தொடக்கநிரல், கருநிரல், கோப்பு முறைமை என்று பிரிந்து நிற்கும் லினக்ஸ் வகைக்கும் இது பொருந்துகிறது; பில்ட்ரூட், யோக்டோ ஆகிய கட்டமைப்புக் கருவிகளைக் கொண்டு ஒரு கருவிக்கென அளவாகக் கட்டப்படும் லினக்ஸை ‘உள்ளுறை லினக்ஸ்’ என்று தடையில்லாமல் எழுதலாம். ‘பதிந்த லினக்ஸ்’ என்பதைச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு காதிலேயே கேட்கும்.

ஐயா அவர்கள் எழுப்பிய தடை நியாயமானது: பழைய நூல்களின் முகப்பில் பொருளடக்கத்தை ‘உள்ளுறை’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, குழப்பம் வராதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வழக்கில் அது பெயராகத் தனித்து நிற்கிறது. நம் வழக்கில் இயங்குதளம், கணினி, லினக்ஸ் என ஒரு பெயருக்கு முன்னால் அடையாக வருகிறது. இரண்டும் ஒரே வரியில் சந்திக்கும் வாய்ப்பு அரிது. ‘இயங்குதள’மா, ‘இயக்கமைப்பா’, ‘இயக்க முறைமையா’ என்னும் பழைய வழக்கை இங்கே மறுபடி திறக்க நான் விரும்பவில்லை. இயங்குதளம் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது, அது போதும்.

அடுத்த சொல்லைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ‘ரியல் டைம்’ என்பதற்கு ‘நிகழ்நேரம்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். ஒளிபரப்பில் அது சரி. ஆனால் ‘நிகழ்நேர இயங்குதளம்’ என்று படித்த பிள்ளைகள், மழை பெய்யும்போதே கைப்பேசியில் எண் தெரியும் என்று பொருள் கொண்டார்கள். குழுவில் ஓர் அன்பர் ‘விரைவு இயங்குதளம்’ என்று பரிந்துரைத்தார். அது இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோகிறது. இந்த வகை இயங்குதளத்தின் உயிர் வேகத்தில் இல்லை. ஒரு வேலை குறித்த காலத்துக்குள் முடிந்தே தீரும் என்று முன்கூட்டியே உறுதி சொல்ல முடிவதில் இருக்கிறது.

மழைமானியிலேயே இது தெரியும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் வாளி மணிக்கு 500 முறை, அதாவது ஏறத்தாழ 7 நொடிக்கு ஒருமுறை சாயும். இணைப்புக் கிடைக்க அரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிரல் அதற்காகக் காத்து நின்றால், அதற்குள் வாளி நான்கு முறை சாய்ந்திருக்கும், 0.8 மில்லிமீட்டர் மழை ஏட்டில் ஏறாமல் போய்விடும். சில்லின் வேகத்தைக் கூட்டினாலும் இது தீராது, ஏனென்றால் தாமதம் வெளியே இருக்கிறது. தொடுவிசை மூடிய கணத்தில் குறுக்கீடு எழுந்து, அனுப்பும் பணியை ஒதுக்கிவிட்டு எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். இரண்டு பணிகளுக்கும் முன்னுரிமை வகுத்து, உயர்ந்தது எழும்போது தாழ்ந்ததை நிறுத்திவைக்கவேண்டும். அடுத்த சாய்வு வருவதற்குள் இந்தச் சாய்வை எண்ணி முடிப்பதே அதற்கான கெடு.

‘கெடு’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பேசுகிறோம். கட்டணம் கட்டக் கெடு, வீட்டைக் காலிசெய்யக் கெடு, விண்ணப்பத்துக்குக் கெடு. ஆகவே ‘கெடுவுறுதி இயங்குதளம்’ என்று முன்மொழிகிறேன். கெடுவைத் தவறவிட்டால் கருவியே பயனற்றுப்போகும் நிலையை ‘வன்கெடு’ என்றும், தவறினால் தரம் மட்டும் குறையும் நிலையை ‘மென்கெடு’ என்றும் பிரித்துச் சொல்லலாம். மோதும்போது காரின் காற்றுப்பை சில பத்து மில்லிநொடிக்குள் விரியவேண்டும் என்பது வன்கெடு; காணொளியில் ஒரு சட்டகம் பிந்துவது மென்கெடு. ‘கெடு’ வினையாகவும் நின்று கெட்டுப்போதலைக் குறிக்குமே என்று சிலர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ‘கெடு இயங்குதளம்’ என்று விட்டால் அந்த இடர் உண்மையிலேயே வரும். ‘உறுதி’ சேர்ந்தவுடன் அது விலகுகிறது, பொருளும் நிறைவடைகிறது.

இந்தப் பெயரின் பொருத்தத்துக்கு 1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் நல்ல சான்று. அதிலிருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் ஓர் உள்ளுறை இயங்குதளம், கெடுவுறுதி இயங்குதளமும்கூட. இறங்கிய சில நாட்களில் அதன் கணினி தானாக மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கியது. வானிலைத் தரவைச் சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி, ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பயன்படுத்தக்கூடிய பொதுவான ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. தரவுத் தடத்தைக் கவனிக்கும் உயர்ந்த பணி அந்தப் பூட்டுக்குக் காத்திருந்தது. இடையில் நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல்தொடர்புப் பணி புகுந்து, தாழ்ந்த பணியை ஓடவிடாமல் செய்தது. உயர்ந்த பணி கெடுவைத் தவறவிட்டது, அதனால்தான் கணினி புதிதாகத் தொடங்கியது. பொறியாளர்கள் அந்த நிலையைத் தரையிலிருந்த மாதிரியில் மீண்டும் வரவழைத்துப் பார்த்து, பூட்டை வைத்திருக்கும் பணிக்குக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் அமைப்பைச் செயல்படுத்தும்படி திருத்தம் அனுப்பினார்கள். வேகமோ நிகழ்நேரமோ அங்கே சிக்கலாக இருக்கவில்லை. கெடு தவறியது, அதுவே சிக்கல். இந்த நிகழ்ச்சியைக் ‘கெடு’ என்னும் சொல்லோடு எழுதியபோது கைந்நூலில் அடிக்குறிப்பே தேவைப்படவில்லை.

உள்ளுறையும் கெடுவுறுதியும் வேறு வேறு பண்புகள் என்பதையும் பதிந்துவைக்க விரும்புகிறேன். உள்ளுறை லினக்ஸ் நீண்ட காலமாகக் கெடுவுறுதி இல்லாமலேயே எத்தனையோ கருவிகளில் ஓடியிருக்கிறது. கெடுவுறுதிக்கான திருத்தத் தொகுப்பு லினக்ஸின் மைய நிரலில் முழுமையாகச் சேர்ந்ததே 2024இல், 6.12ஆம் பதிப்பில்தான். ஒன்றை மற்றதன் மறுபெயராக எழுதும் கட்டுரைகள் தமிழில் ஏற்கெனவே வரத் தொடங்கியுள்ளன. அதைத் தொடக்கத்திலேயே தடுப்பது நல்லது.

மூன்றாவது, நிரல் சிக்கிக்கொண்டால் கருவியை மீண்டும் தொடக்கும் ‘வாட்ச்டாக் டைமர்’. பாத்ஃபைண்டரின் கணினியைப் புதிதாகத் தொடக்கிய ஏற்பாடும் இந்த வகையைச் சேர்ந்ததே. ‘காவல்நாய்’ என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அது திருடனைப் பார்த்துக் குரைப்பது. தோட்டத்து ஜாகா (காவலாளி) இரவில் மணிக்கு ஒருமுறை தண்டவாளத் துண்டைத் தட்டுவது இதற்கு நெருக்கம்: ஓசை கேட்கும்வரை எல்லாம் சரி, கேட்காவிட்டால் ஆள் போய்ப் பார்க்கவேண்டும். அந்த ஓசையை எழுப்பவேண்டியது நம் நிரல். கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் கடிகை. குறித்த நேரத்தில் ஓசை வராவிட்டால், நிரல் எங்கோ சிக்கிக்கொண்டது என்று முடிவுசெய்து கடிகை கருவியை மீண்டும் தொடக்கிவிடும். செம்பனை வரிசைகளுக்கு நடுவில் கம்பத்தில் நிற்கும் மானிக்கு இது இன்றியமையாதது. சிக்கிக்கொண்டால் பொத்தானை அழுத்த அங்கே ஆள் இல்லை. எனவே ‘காவற்கடிகை’.

‘கண்காணிக் கடிகை’ என்ற பரிந்துரையும் வந்தது. சொல்லமைப்பில் குறையில்லை, பொருளும் பொருந்துகிறது. ஆயினும் 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை நம் முன்னோரைக் கப்பலேற்றி அழைத்துவந்தவர்களின் பெயர் கங்காணி. அந்த ஒலி கேட்கும் வீடுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் தாங்களே செய்யும் கருவிக்கு அந்தப் பெயரைத் தர எனக்கு மனம் இசையவில்லை; மற்ற நாட்டு அன்பர்கள் இதை மட்டும் பொறுத்து ஏற்கவேண்டும்.

கருவிக்குள் நிலையாக இருக்கும் மென்பொருளான ‘ஃபர்ம்வேர்’ என்பதற்கு ‘நிலைபொருள்’ ஏற்கெனவே புழங்குகிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். ‘இன்டரப்ட்’ குறுக்கீடாகவே இருக்கட்டும்.

ஐயா, இரண்டு இடங்களில் உங்கள் முடிவு எனக்கு வேண்டும். ‘கெடுவுறுதி’ என்பதைச் சேர்த்தே எழுதுவதா, ‘கெடு உறுதி’ என்று பிரித்து எழுதுவதா. ‘காவற்கடிகை’ என்னும் புணர்ச்சி பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தால் ‘காவல் கடிகை’ என்று இயல்பாக விடலாமா. நான் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்கள் மறுமொழி கிடைத்தபின், இச்சொற்கள் இடம்பெறும் இயலை எல்லோருடைய பார்வைக்கும் அனுப்பிவைக்கிறேன்.