மழையில் வழுக்கி இடித்தால் தப்பு முழுக்கப் பின்னால் வந்தவர் மேலேயா?

போன வாரம் செங்கல்பட்டு பக்கம், முதல் மழை. 50 கி.மீ. வேகத்தில்தான் போனேன். முன்னால் போன கார் பள்ளத்தைப் பார்த்துச் சட்டென்று நிற்க, நான் பிரேக்கை மிதித்தும் வண்டி சோப்புத் தண்ணீரில் போவதுபோல் வழுக்கிப்போய் இடித்தது. காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் சுமார் 14 மீட்டரில் நிற்குமாம். ஈரத்தில் 25 ஆகிவிடும். இடைவெளி விடாதது என் தப்புதான், டயரும் கொஞ்சம் மொழுக்கை. ஆனால் அந்தப் பள்ளம்?

மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவில் ரோடு போட்டவருக்கு 1 லட்சம் வரை அபராதம் உண்டு. அதுவும் உயிர் போனாலோ ஊனமானாலோதான். இங்கே பம்பரும் டிக்கியும் போனதோடு சரி. பள்ளத்தைப் போட்டோ எடுத்திருக்கிறேன், பக்கத்தில் செருப்பை வைத்து. இதைக் காட்டி யாராவது இழப்பீட்டில் பங்கு கேட்டிருக்கிறீர்களா? விபத்து வழக்கு பார்க்கும் வக்கீல் சார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.