பொருள்: பார்சல் ட்ரே, கொக்கி – காரின் பின்பக்கச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டுநர் பயிற்சிக் கையேட்டுக்காக நாம் தயாரிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலில் பார்சல் ட்ரேவுக்குப் ‘பொதித்தட்டு’ என்று கடலூர் ஐயா முன்மொழிந்திருக்கிறார். சொல்ல எளிதான சொல்தான். ஆனாலும் இதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹேட்ச்பேக் காரில் டிக்கி கதவைத் தூக்கினால் இரண்டு கயிறுகளில் தொங்கியபடி கூடவே மேலே வருமே, அந்தத் தட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். இரண்டு பக்கமும் சின்ன பிளாஸ்டிக் பிடிப்புகளில் உட்கார்ந்திருக்கும். கையால் இழுத்தாலே கழன்றுவிடும். டிக்கியில் இருப்பது வெளியே தெரியாமல் மறைப்பதுதான் அதன் வேலை. ஏற்கெனவே குடை, தண்ணீர் பாட்டில், அர்ச்சனைத் தேங்காய் எல்லாம் அதன்மேல் ஏறுகின்றன. ‘பொதி’ என்று நாமே பெயர் வைத்தால், ‘அங்கே வை’ என்று சொன்னதாகிவிடும். முள்ளோடை எல்லையருகே முன்னால் போகிற பஸ் சட்டென்று நின்று, நாமும் பிரேக்கை மிதித்தால், அந்தத் தேங்காய் பின்சீட்டில் இருப்பவர் பிடரியை நோக்கித்தான் வரும்.

வேகத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதி நின்றால், கட்டாமல் வைத்த பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழும் பொருளுக்கு இருக்கும் வேகம் அது. பண்ருட்டியில் 10 கிலோ பலாப்பழம் வாங்கி, பின்சீட்டை மடக்கி உருட்டிவிட்டு வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! மடக்காமல் நிமிர்த்தி, ‘கிளிக்’ என்று பூட்டிய சீட்டின் முதுகுதான் அந்தப் பழத்துக்கும் நமக்கும் நடுவே இருக்கும் சுவர். கனமான பொருள் டிக்கியின் தரையில், அந்த முதுகை ஒட்டி இருக்க வேண்டும். தட்டின்மேல் எதுவுமே கூடாது.

அதனால் என் பரிந்துரை ‘திரைத்தட்டு’. திரைமேல் யாரும் சாமான் வைக்க மாட்டார்கள். பெரிய கார்களில் இழுத்து மாட்டும் சுருட்டுத் துணிக்குச் ‘சுருள்திரை’ என்று அதே குடும்பத்தில் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது.

அடுத்தது கொக்கி. இதுதான் எனக்கு அதிகக் கவலை. பட்டியலில் இரண்டு வேறு பாகங்களுக்கு ‘கொக்கி’ என்று ஒரே சொல் இருக்கிறது. டிக்கிக்குள் பை, வலை மாட்டும் வளையம் ஒன்று. குழந்தைக்கென்று காரில் தனியாகப் பொருத்தும் இருக்கையின் மேல்பட்டையைப் பூட்டும் இடம் இன்னொன்று. அது பல கார்களில் பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முதலாவது சாமான் நகராமல் இருக்க மட்டுமே. இரண்டாவது, மோதலின்போது குழந்தையையும் இருக்கையையும் சேர்த்துப் பிடிக்கும் வலுவுடன் செய்யப்பட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், ஒரே சொல்லைப் படித்த அப்பா பட்டையை டிக்கி வளையத்தில் மாட்டிவிடுவார்.

முதலாவதற்குச் ‘சுமைக்கொக்கி’ இருக்கட்டும். இரண்டாவதற்கு ‘இருக்கை நங்கூரம்’ என்கிறேன். மேல்பட்டை ‘மேல்வார்’. நங்கூரம் கப்பலுக்கான சொல் ஆயிற்றே என்று புதுச்சேரி நண்பர் தயங்கினார். கடலூர் முதுநகரில் யாரைக் கேட்டாலும், எது பிடித்து நிறுத்துமோ அதுதான் நங்கூரம் என்பார்கள். இங்கேயும் அதே வேலைதான்.

சட்டமும் இதைத் தொடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டிலோ குழந்தைக்கான பாதுகாப்பு அமைப்பிலோ அமர்த்தாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். கையேட்டில் அந்தப் பக்கத்தை எழுதும்போது இந்த மூன்று சொற்களும் நமக்குத் தேவைப்படும்.

அப்புறம், டிக்கி தனிப்பெட்டியாகப் பின்னால் நீண்டிருக்கும் செடான் காரில் பின்கண்ணாடிக்குக் கீழே கழற்ற முடியாமல் இருக்கும் பலகையைத் திரைத்தட்டு என்று சொல்ல முடியாது. அது எதையும் மறைக்க வந்ததல்ல. ‘பின்பலகை’ சரியா, வேறு சொல் இருக்கிறதா? ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் உறுப்பினர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், அதை வைத்தே முடிவு செய்யலாம்.