அது பயண வாந்தி என்றே நினைத்தோம்

குடும்பத்தோடு மலைப்பகுதிக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் பெரியவர்களையும் சிறு குழந்தைகளையும் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நாங்களும் அப்படித்தான். எழுபத்திரண்டு வயதான என் மாமனாருக்கு இதயப் பரிசோதனை செய்து, மருத்துவர் போகலாம் என்று சொன்ன பிறகே பயணத்தை உறுதி செய்தோம். ஐந்து வயது மகளுக்குத் தேவைக்கு இரண்டு மடங்கு கம்பளித் துணிகளை எடுத்து வைத்தேன். பள்ளிக் கால்பந்து அணியில் ஆடும் பதினான்கு வயது மகனைப் பற்றி யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. படுத்துவிட்டவன் அவன்தான்.

சமவெளியிலிருந்து விடியுமுன் வாடகை வண்டியில் புறப்பட்ட நாங்கள் மாலை நான்கு மணிக்கெல்லாம் 3,500 மீட்டர் உயரத்தில் இருந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். வழியில் 2,400 மீட்டர் உயரத்தில் ஓர் ஊர் இருந்தது. அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே போவதுதான் முறை என்பது இப்போது எங்களுக்குத் தெரியும். பயணத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் அதைத் தவிர்த்துவிட்டு, “உங்களுக்கு ஒரு நாள் மிச்சம்” என்று சொன்னார். விடுமுறையில் ஒரு நாள் மிச்சம் என்றால் யாருக்குக் கசக்கும்? நாங்களும் கேள்வி கேட்காமல் சரி என்றோம்.

பையைத் திறந்தபோது, கீழே தட்டையாக வைத்த பிஸ்கட் பாக்கெட்டுகள் எல்லாம் தலையணை போல உப்பி நின்றன. மகள் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அழுத்திப் பார்த்துச் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டதால் உள்ளே அடைபட்டிருந்த காற்று விரிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதே அழுத்தக் குறைவு எங்கள் நுரையீரல்களுக்கும் பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை. உயரே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. அங்கேயும் அது 21 விழுக்காடுதான். ஆனால் 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். பழகச் சில நாள்கள் வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு மகன் தலைவலி என்றான். சாப்பாடு வேண்டாம் என்றான். பத்து மணிக்கு வாந்தி எடுத்தான். மலைப்பாதை வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே காரணம் கண்டுபிடித்து, ஒரு பாராசிட்டமால் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். வண்டி நின்று ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்குவது எப்படிப் பயண வாந்தியாகும்? ஆட்டம் நின்ற சிறிது நேரத்தில் அது அடங்கிவிட வேண்டும். உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோய்தான் மேலே போய்ச் சேர்ந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும் என்று பின்னர் மருத்துவர் சொன்னபோது, கடிகாரத்தைப் பார்த்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்குமே என்று வெட்கமாக இருந்தது. இன்னோர் அறிகுறியும் கண்முன்னே இருந்தது: மாலையிலிருந்து அவன் கைப்பேசியைத் தொடவே இல்லை.

அன்றிரவு என் கவனமெல்லாம் வேறிடத்தில் இருந்தது. அடுத்த கட்டிலில் தூங்கிய மாமா மூச்சை வேகமாக இழுத்து விட்டுக்கொண்டே வந்து திடீரென்று நிறுத்திவிடுவார். நான் மனதுக்குள் எண்ணுவேன். எட்டு, ஒன்பது, பத்து. பிறகு பெருமூச்சோடு மறுபடியும் தொடங்கும். அவருடைய இதயத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, கொண்டுபோயிருந்த, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவிடும் கருவியை அவர் விரலில் மாட்டிப் பார்த்தேன், 86 விழுக்காடு காட்டியது. மகனுக்கு மாட்டினேன், 84. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்பதால் மகனைப் பற்றி நிம்மதியாகி, மாமாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது உயரமான இடங்களில் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் சாதாரணமாக ஏற்படுவது. மலைநோயை மதிப்பிட உலகெங்கும் பயன்படுத்தப்படும் லேக் லூயிஸ் மதிப்பெண் முறையை 2018-இல் திருத்தியபோது, தூக்கக் குறைவை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவை தலைவலி, வயிற்றுத் தொந்தரவு, சோர்வு, தலைச்சுற்றல் ஆகிய நான்கு. என் மகனிடம் அவற்றில் மூன்று அப்பட்டமாக இருந்தன. கருவியில் தெரிந்த எண் அவற்றில் ஒன்றைக்கூட எனக்குக் காட்டித் தரவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு மறுபடியும் வாந்தி. வெந்நீர் கேட்கப் போன என் கணவரோடு விடுதியின் இரவுக் காவலரும் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். மகனின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தரையில் இரண்டு ஓடுகள் சேரும் கோட்டைக் காட்டி, “அம்மா, பையனை இதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொட வேண்டும்” என்றார். மகன் சலிப்போடு எழுந்தான். முதல் மூன்று அடிகள் சரியாக விழுந்தன. நான்காவதில் கால் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டு கைகளையும் விரித்துச் சமாளித்தான். திரும்பி நடக்கச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டான். பந்தை ஒற்றைக் காலில் தட்டிக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றி வருகிற பிள்ளை அவன்.

“காலை வரை காத்திருக்க வேண்டாம், இறங்கிவிடுங்கள்” என்று மட்டும் காவலர் சொன்னார். என் கணவர் தயங்கினார். மூன்று இரவுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தோம், இருட்டில் மலைப்பாதையில் இறங்குவதும் சின்ன விஷயம் அல்ல. “ஆக்சிஜன் இருக்கிறதே, அதைக் கொடுத்துப் பார்ப்போம்” என்று, கடையில் வாங்கிய சிறிய உருளையை எடுத்தார். அந்த வகை உருளை சில நிமிடங்களுக்குத்தான் வரும் என்பது காலியான பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. நடை தடுமாறுவது மூளையில் நீர் கோக்கத் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம் என்பது தெரிந்திருந்தால் அந்த அரை மணி நேரத்தையும் வீணாக்கியிருக்க மாட்டோம்.

பாதையை நன்கு அறிந்த ஓட்டுநரையும் ஜீப்பையும் காவலரே ஏற்பாடு செய்தார். மெதுவாகத்தான் இறங்கினோம். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறங்கியிருந்தபோது, முணுமுணுப்பாக மட்டுமே பதில் சொல்லிக்கொண்டிருந்த மகன், “அம்மா, நாம் எங்கே போகிறோம்?” என்று தெளிவாகக் கேட்டான். கீழே இருந்த மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, ஒரு நாள் முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். தொடக்கத்திலேயே இறக்கிவிட்டீர்கள், அதுதான் முதல் மருந்து என்றார் மருத்துவர். உடல் வலுவாக இருப்பவர்களுக்கு வராது என்பது தவறான நம்பிக்கை என்றும், அவர்கள் போன உடனேயே ஓடியாடி நிலைமையை மோசமாக்கிக்கொள்வதும் உண்டு என்றும் விளக்கினார். மகன் அன்று மாலை விடுதியின் பின்புறச் சரிவில் மூன்று முறை மேலும் கீழும் ஓடியிருந்தான். அதைக் கைதட்டி ஊக்குவித்தது நான்தான்.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் மலைக்குத்தான் போனோம். இந்த முறை திட்டத்தை நாங்களே போட்டோம்: 2,400 மீட்டரில் இரண்டு இரவு, பிறகு 2,900, அதன் பின் 3,300. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதையும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதையும் சட்டம் போலக் கடைப்பிடித்தோம். பகலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு இரவில் இறங்கி வந்து தூங்கினால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது; கணக்கு தூங்கும் இடத்துக்குத்தான். ஏற்கெனவே ஒருமுறை பாதிக்கப்பட்டவன் என்பதால் மகனுக்கு மட்டும் மருத்துவர் மலைநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கச் சொன்னார். விரல் நுனிகள் கூசுவதாகவும் அடிக்கடி சிறுநீர் வருவதாகவும் அவன் புலம்பினான். இரண்டும் அந்த மருந்தின் இயல்பான பக்கவிளைவுகள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மகளைத்தான் அதிகம் கவனித்தேன். தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில் குழந்தைகள் காரணமில்லாமல் சிணுங்குவார்கள், விளையாட மாட்டார்கள், சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள். அடம்பிடிப்பதாக நினைத்து நாம் அதட்டிவிடுவோம். அவள் நன்றாகவே இருந்தாள். ஒவ்வொரு நாள் இரவும் மகன் தானாகவே தரையில் கோடு தேடி நடந்து காட்டினான், அவள் அவன் பின்னாலேயே விழுந்து எழுந்து நடந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி, போன முறை நல்ல தூக்கத்தில் தன்னை எழுப்பி ஜீப்பில் ஏற்றியதைப் பற்றி இன்னும் குறைசொல்லிக்கொண்டிருந்தார்.