மூலை வீட்டு ஜெபத்துக்குப் போகுமுன்

குழு: அம்மம்மா வீடு, கல்லடி
சனிக்கிழமை

பெரியம்மா (இரவு 7.12): பிள்ளைகள், நாளைக்குப் பின்னேரம் 5 மணிக்கு வீட்டு ஜெபம் மூலை வீட்டில்தான். இடத்தை மாற்ற வேண்டாம் என்று அந்த வீட்டுத் தாயே சொல்லிவிட்டார். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த பிறகு, இந்தக் கிழமை முழுவதும் மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். வருகிறவர்கள் யோசித்துக் கதையுங்கள்.

மாமா (7.15): கணிதப் பிரிவு. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எஸ் (சாதாரண சித்தி), இரசாயனவியல் சி என்று கேள்விப்பட்டேன். பொறியியலுக்குக் காணாது.

அக்கா (7.21): போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது ஒருவர் அவனை வாசலில் நிறுத்தி, "டியூஷனுக்குக் கொட்டின காசுக்கு ஒரு கடை போட்டிருக்கலாம்" என்றார். பக்கத்தில் நின்றவர், "கவலைப்படாதே, கர்த்தர் இதைவிடப் பெரிய இடத்தில் உன்னை வைப்பார்" என்றார். அவன் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் அறைக்குள் இருக்கிறான்.

பெரியம்மா (7.22): ஐயோ, பிள்ளை.

நான் (7.26): முதல் ஆள் சொன்னது குத்திவிட்டது, அது எல்லாருக்கும் தெரிகிறது. எனக்கென்றால் இரண்டாவது ஆள் சொன்னதும் சரியாகப் படவில்லை. அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வார்த்தையை யாருக்கும் சொல்லலாம், அதில் அந்தப் பிள்ளை எங்கே? பெரிய இடம் கிடைக்கும் என்று கர்த்தர் சொல்லாததை அவர் பேரில் நாங்கள் வாக்குக் கொடுக்கவும் கூடாது. எபேசியர் 4:29இல் "கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள்" என்றுதான் இருக்கிறது. கேட்கிறவன் யார், அவனுக்கு இன்றைக்கு எது உதவும் என்று பார்த்துப் பேச வேண்டும்.

மாமா (7.34): சரி மகள், ஆனால் ஒன்று சொல்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். கடைசி ஆறு மாதம் அவன் புத்தகத்தைத் தொடவில்லை. அதைச் சொல்லாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் அடுத்த தரமும் இதே முடிவுதான். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் எழுதலாம். உண்மையைச் சொல்வதும் அன்புதானே?

அக்கா (7.37): ஓம் மாமா, அன்புதான். கொலோசெயர் 4:6இல் கிருபையும் உப்பும் சேர்ந்துதானே வருகிறது. ஆனால் அந்த உண்மை அவனுக்கு ஏற்கனவே தெரியும். ஆஸ்பத்திரி வார்ட்டில் நான் பார்க்கிறேன், நோயாளிக்குத் தன் பிழை தெரியாமல் இருப்பதில்லை. சீனி கூடினவரிடம் "ஏன் சாப்பிட்டீங்கள்" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். "இன்றைக்குக் காலையில் நடந்தீங்களே, நல்லது" என்று ஒருவர் சொன்னால் அடுத்த நாளும் நடப்பார்.

பெரியம்மா (7.45): யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்லாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து, ஏன் இப்படி நடந்தது என்று விளக்கம் சொல்லத் தொடங்கினபிறகுதான் எல்லாம் கெட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் முகாமில் இருந்தபோது விளக்கம் சொல்ல எத்தனையோ பேர் வந்தார்கள். ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் இருப்பது பக்கத்துப் பாயில் இருந்த சைவக்கார அம்மாதான். எங்கள் தங்கச்சியைப் பற்றி, "உங்கள் தங்கச்சி தண்ணி அள்ள வந்தால் என்ட வாளியையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவா" என்று சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகுதான் சோறும் இறங்கிச்சு.

நான் (7.47): பெரியம்மா, இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லையே.

பெரியம்மா (7.48): இன்றைக்கு வந்தது மகள்.

தம்பி, கட்டார் (7.58): டியூட்டி முடிந்து இப்பதான் பார்த்தேன். போன கிறிஸ்மஸ் லீவில் நான் வந்தபோது கரோல் போனோமே, நாவற்குடாப் பக்கம் ஸ்பீக்கர் நின்றுபோனது. நாங்கள் எல்லாம் ஆளை ஆள் குறை சொல்லிக்கொண்டு நிற்க, அவன் சின்ன டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, வயரைப் பல்லால் உரிக்க முடியாமல் நகத்தாலேயே உரித்துச் சுற்றிச் சரிப்படுத்தினான். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

அக்கா (8.01): என் சின்னவனுக்குப் பின்னம் விளங்கப்படுத்தினதும் அவன்தான். றோஸ் பாண் ஒன்றை எட்டாக வெட்டி, மூன்று துண்டை அவன் கையில் கொடுத்து, மிச்சம் எவ்வளவு என்று கேட்டான். ஆசிரியர் இரண்டு கிழமை சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறிச்சு.

நான் (8.03): இதைத்தான் அக்கா நாளைக்கு அவனிடம் சொல்ல வேண்டும். நடந்ததை அப்படியே சொன்னால் போதும், மேலே ஒன்றும் பூச வேண்டாம். பரீட்சைப் பேப்பர் பார்க்காத ஒன்றை நாங்கள் பார்த்திருக்கிறோம் அல்லவா.

மாமா (8.10): மாற்குவின் கதை நினைவுக்கு வருகிறது. பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் அவர்களைப் பம்பிலியாவில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்று பவுல் சொன்னார். பவுல் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

நான் (8.14): ஓம் மாமா, நியாயம் இருக்கிறது. ஆனால் பவுல் முன்பு சவுல் என்ற பேரில் இருந்தபோது எருசலேமில் ஒருவரும் அவரை நம்பவில்லை. அன்றைக்கு அப்போஸ்தலர்களிடம் கூட்டிக்கொண்டுபோய் அவருக்காகப் பேசினதும் பர்னபாதானே. அதே பர்னபா மாற்குவுக்காகவும் நின்றார். அவர் மாற்குவிடம் என்ன சொன்னார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் இல்லை. கூட்டிக்கொண்டு கப்பலேறிச் சீப்புருவுக்குப் போனார் என்று மட்டும் இருக்கிறது. கடைசியில் பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று.

பெரியம்மா (8.16): ஆமென்.

தம்பி, கட்டார் (8.19): மாமா, பகிடியில்லாமல் கேட்கிறேன். உங்களிடம் அவன் படிக்க வரலாமா? நீங்கள் படிப்பித்த பௌதிகவியல்தான் எனக்கு இங்கே வேலை தந்தது.

மாமா (8.31): வரச்சொல்லு. கிழமையில் மூன்று நாள். காசு வேண்டாம். புத்தகம் தொடாத கதையை அவனுக்கு நான் சொல்லத்தான் போகிறேன், ஆனால் நாளைக்கு இல்லை, பத்துப் பேர் முன்னாலும் இல்லை. நாளைக்கு அந்த ஸ்பீக்கர் வயரைப் பற்றிக் கேட்கிறேன். மின்னியல் பகுதியில் அவனுக்கு விருப்பம் இருக்கிறது போலத் தெரிகிறது.

அக்கா (8.33): அவனுடைய அம்மா கேட்கும்படியும் சொல்லுங்கள் மாமா. அந்த மனுசியும் ஒரு கிழமையாகச் சனத்தின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

மாமா (8.34): சரி மகள். நான் 4.30க்கே போகிறேன்.

பெரியம்மா (8.40): 4.30க்குப் போகும்போது என்ட வீட்டுப் பெரிய கேத்தலையும் எடுத்துக்கொண்டு போ. அவர்களுடையது பத்துப் பேருக்குக் காணாது. தேத்தண்ணிக்குப் பால்மா நான் கொண்டுவருகிறேன். முடிவு என்ன, புள்ளி என்ன என்று கேட்கக்கூடியவர்களுக்கு இன்றைக்கே போன் எடுத்து, கேட்க வேண்டாம் என்று சொல்கிறேன்.