தாத்தாவின் பி-ஃபைலை (வேலை பார்த்த இடத்து ஊழியர் தனிக்கோப்பு) அழித்துவிட்டார்கள். அரசு அமைப்புகள் எந்த ஆவணத்தை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

மன்னார்குடிப் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

என் தாத்தா 1951-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே சிங்கப்பூருக்கு வந்தவர். ஒரு பொது அமைப்பின் பட்டறையில் நாள் சம்பளத்துக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். 1957-ல் குடியுரிமைச் சட்டம் வந்ததும் பதிந்துகொண்டு குடிமகன் ஆனார். மன்னார்குடிப் பக்கம் அவர் பெயரில் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. அதற்கு வாரிசு யார் யார் என்று இப்போது காட்ட வேண்டியிருக்கிறது. பெரியப்பா ஊரில் பிறந்தவர். அப்பாவும் இரண்டு அத்தைகளும் இங்கே பிறந்தவர்கள். எல்லார் பெயரும் ஒரே தாளில் இருப்பது தாத்தா வேலை பார்த்த இடத்து ஃபைலில்தான் என்று அப்பா உறுதியாகச் சொன்னார்.

எழுதிக் கேட்டேன். "வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததால் கோப்பு அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. எப்போது அழித்தார்கள், யார் முடிவு செய்தார்கள், ஒரு நகலாவது எடுத்தார்களா, எதுவும் அதில் இல்லை. போன் போட்டால், "ஏழு வருஷம்தான் சார் வைப்போம்" என்றார் எடுத்த பிள்ளை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மனிதனின் ஃபைலுக்கும் பேனா வாங்கிய பில்லுக்கும் ஒரே கணக்கா? எதை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று யார்தான் முடிவு செய்கிறார்கள்?

கணக்கு பார்ப்பவர்:

அந்த ஏழு வருஷம் வருமான வரியிலிருந்து வந்தது. நிறுவனங்கள் கணக்குப் புத்தகத்தையும் ரசீதுகளையும் ஏழு வருஷம் வைக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2008 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் அதை ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். பழைய எண் மட்டும் எல்லார் வாயிலும் நிலைத்துவிட்டது. ஊழியர் பதிவு என்றால் வேலை நியமனச் சட்டத்தில் இன்னும் குறைவு: கடைசி இரண்டு வருஷத்துப் பதிவு, அதுவும் வேலையை விட்டுப் போனபின் ஒரு வருஷம் வைத்தால் போதும்.

இதெல்லாம் முதலாளிகளுக்கான குறைந்தபட்சம். அரசாங்க ஆவணத்துக்குக் கதை வேறு. தேசிய நூலக வாரியச் சட்டப்படி, வாரியத்தின் அனுமதி இல்லாமல் பொது ஆவணத்தை யாரும் அழிக்கக் கூடாது. அந்த வேலையைச் செய்வது வாரியத்தின் கீழ் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். அதனால் "யார் முடிவு செய்தது" என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி, அதை விடாதீர்கள்.

பழைய ரெஜிஸ்ட்ரி:

தம்பி, நான் அரசாங்க அலுவலகத்தில் ரெஜிஸ்ட்ரி, அதாவது கோப்புகளைப் பதிந்து வைக்கும் பிரிவு, பார்த்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாத்தா காலத்து பி-ஃபைல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பழுப்பு அட்டை, மூலையில் துளை போட்டுக் கோத்த பச்சை நாடா. அடியில் வேலைக்கு எடுத்த கடிதம், டாக்டர் கொடுத்த தகுதிச் சான்று, மனைவி மக்கள் பெயர் எழுதிய படிவம், கையெழுத்து தெரியாதவர் என்றால் கட்டைவிரல் ரேகை. அதற்கு மேல் வருஷக்கணக்காக லீவு விண்ணப்பம், மருத்துவச் சீட்டு, முன்பணம் கேட்ட மனு, சம்பளம் திருத்திய தாள். மேலே கடைசியாகப் பணிக்கொடை கணக்கிட்ட தாள். ஃபைல் தடியாக இருப்பதே லீவு விண்ணப்பங்களால்தான். அவற்றை எடுத்துவிட்டால் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் பத்துப் பன்னிரண்டு தாளில் அடங்கிவிடும். இடமில்லை என்று சொல்லும் எந்த அலுவலகத்துக்கும் அந்தப் பன்னிரண்டு தாளை வைக்க இடமிருக்கும்.

ஆனால் கழிக்கும்போது ஃபைலைத் திறந்து தாள் தாளாகப் பிரிக்க ஆள் கிடையாது. ஒரு பட்டியல் வரும்: ஃபைல் எண், தலைப்பு, மூடிய தேதி. அட்டையைப் பார்த்தே முடிவு. லீவு விண்ணப்பத்தோடு சேர்ந்து பிள்ளைகள் பெயர் எழுதிய படிவமும் லாரி ஏறிவிடும். 'பல்வகை' என்று தலைப்பிட்ட ஃபைல்களைப் பற்றி நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை. வேறு எங்கும் பொருந்தாத கடிதமெல்லாம் அதில்தான் போகும். தொழிலாளர் வரிசை வீடுகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்று கையால் எழுதிய பட்டியலை அப்படி ஒரு ஃபைலில் நான் பார்த்திருக்கிறேன். தலைப்பை மட்டும் படிக்கிறவருக்கு அது குப்பை.

என் கருத்து இதுதான். அலுவலகத்துக்கு எவ்வளவு நாள் தேவை என்று பார்த்துக் காலத்தை முடிவு செய்கிறார்கள். அந்தத் தாளில் பெயர் இருக்கிற மனிதருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் எவ்வளவு நாள் தேவைப்படும் என்று பார்க்க வேண்டும். ஒருவர் யார், யாருக்குப் பிறந்தவர், எப்போது குடிமகன் ஆனார், எங்கே எத்தனை வருஷம் வேலை செய்தார் என்பதைச் சொல்லும் தாளுக்குக் காலக்கெடுவே கூடாது.

எப்போது தேவைப்படும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2014-ல் மூத்தவர்களின் மருத்துவச் செலவுக்கு உதவும் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத் திட்டம் வந்தது. 1949 டிசம்பர் 31-க்குள் பிறந்திருக்க வேண்டும், 1986 டிசம்பர் 31-க்குள் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். குடியுரிமை வாங்கிய நாளை 1960-ல் ஒரு குமாஸ்தா பேரேட்டில் எழுதியபோது, ஐம்பது வருஷம் கழித்து ஒரு பாட்டியின் மருந்துச் செலவு அந்த ஒரு வரியில் நிற்கும் என்று அவருக்குத் தெரியுமா? 2019-ல் மெர்டேக்கா தலைமுறைத் திட்டம் வந்தபோதும் இதே கதை. தேதி மட்டும் 1996 டிசம்பர் 31. பேரேடு இருந்ததால் பெரும்பாலானவர்கள் கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்க வேண்டியிருக்கவில்லை.

இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனைப் பாருங்கள். கரீபியன் தீவுகளிலிருந்து அங்கே போனவர்கள் கப்பலை விட்டு இறங்கியபோது எழுதிய லேண்டிங் கார்டுகளை 2010-ல் அவர்களுடைய உள்துறை அழித்துவிட்டது. அதன்பின் அதே அரசாங்கம், "நீங்கள் எப்போது வந்தீர்கள், நிரூபியுங்கள்" என்று அவர்களிடமே கேட்டது. வேலை போனவர்கள் உண்டு, மருத்துவம் மறுக்கப்பட்டவர்கள் உண்டு, நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. 2018-ல்தான் விஷயம் வெளியே வந்து நாறியது. படித்தபோது எனக்கு நம் ஆட்கள் ஞாபகம்தான் வந்தது. நம் தாத்தாமார்களும் அப்படி ஒரு கப்பலில் வந்து இறங்கியவர்கள்தானே.

இங்கேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. புக்கிட் பிரவுன் இடுகாட்டின் புதைப்புப் பேரேடுகள், 1922 முதல் 1972 வரை, ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். இடுகாடு மூடியபின் அந்தப் பேரேட்டால் எந்த அலுவலகத்துக்கும் ஒரு காசு பிரயோஜனம் கிடையாது. 2011-ல் அங்கே சாலை போடப்போவதாக அறிவித்து, சுமார் 4,000 கல்லறைகளைத் தோண்ட வேண்டி வந்தபோது, எந்தக் குழியில் யார் என்று குடும்பங்கள் தேட அந்தப் பேரேடுதான் கைகொடுத்தது.

கோடு எழுதுபவன்:

அக்கா, நீங்கள் சொல்வதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனால் 'காலக்கெடுவே கூடாது' என்பதைக் கேட்டால் கணினித் துறையில் இருக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. காகிதம் இடத்தை அடைக்கும், அதனால் யாராவது கழித்தாக வேண்டும். சர்வரில் இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. அழிக்க வேண்டியதும் அப்படியே கிடக்கும்.

டிரேஸ்டுகெதர் நினைவிருக்கிறதா? கொவிட் தொடர்புத் தடமறிய மட்டும்தான் என்று சொல்லி வாங்கிய தரவு. குற்றவியல் விசாரணைக்கும் போலீஸ் கேட்டு வாங்கலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். மக்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் திட்டத்தை மூடும்போது சர்வரில் இருந்ததை அழித்தார்கள், 2020-ல் நடந்த ஒரு கொலை வழக்குக்கான தரவைத் தவிர. கடைசியில் சரியாகத்தான் முடிந்தது, ஆனால் அவ்வளவு சத்தம் போட வேண்டியிருந்தது.

2018-ல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினியில் புகுந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரத்தைத் திருடினார்கள். கையில் இல்லாததை எவனும் திருட முடியாது. இன்னொன்று: தேவை முடிந்தபின் தனிப்பட்ட தரவை வைத்திருக்கக் கூடாது என்று நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு 2018-ல் வந்த பொதுத்துறை ஆளுகைச் சட்டமும் அரசின் உள்விதிகளும்தான்.

காங்கிரீட்:

கட்டுமானத்தில் இருப்பவன், ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். 1986 மார்ச் 15, சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்தில் சரிந்தது. 33 பேர் இறந்தார்கள். அந்தச் சாலைப் பக்கத்துத் தேக்கா வட்டாரத்தில் அன்று இருந்தவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. 1970-களின் தொடக்கத்தில் கட்டியது. ஏழு வருஷத்தில் வரைபடத்தையும் கணக்கையும் கழித்துப் போட்டிருந்தால் அடுத்த கட்டடத்தைச் சரிபார்க்க எதை வைத்துப் பாடம் கற்றிருப்போம்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டின் குத்தகை 99 வருஷம். அந்தப் புளோக்கின் கட்டமைப்பு வரைபடம் அதற்கு ஒரு நாள் முன்பு காணாமல் போனாலும் தப்பு.

பழைய ரெஜிஸ்ட்ரி:

கோடு தம்பி, உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒருவர் எங்கே போனார், யாரோடு பேசினார், எந்தக் கதவைத் திறந்தார் என்று பின்தொடர்ந்து சேர்த்தது வேறு சரக்கு. எதற்காகச் சேர்த்தார்களோ அந்த வேலை முடிந்த அன்றே அது போக வேண்டும், அதற்கான தேதியைச் சேர்க்கும்போதே எழுதி வைக்க வேண்டும். நான் வைக்கச் சொல்வது ஒருவர் தன் உரிமையைக் காட்டத் தானே தேடி வருகிற தாளை. நோயாளியின் ஃபைல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதை அவர் உயிரோடு இருக்கும்வரை வைத்துத்தான் ஆக வேண்டும். அதை யார் திறக்கலாம் என்பதில் கெடுபிடி இருக்கட்டும்.

எதை அழித்தாலும், என்ன அழித்தோம், எந்த அனுமதியில், எந்தத் தேதியில் என்ற பட்டியலை மட்டும் அழிக்கவே கூடாது. அது இல்லை என்றால் தவறி அழிந்ததா முறையாக அழிந்ததா என்றே தெரியாது. அழித்ததற்கு நாங்கள் சான்றுத்தாள் போட்டுத்தான் மூடுவோம். இவருக்கு வந்த பதிலில் அந்தத் தேதிகூட இல்லை என்பதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

மன்னார்குடித் தம்பி, உங்கள் காரியத்துக்கு வருகிறேன். ஃபைல் போனாலும் வழி அடைபடவில்லை. அப்பாவும் அத்தைகளும் இங்கே பிறந்தவர்கள் என்கிறீர்களே, அவர்கள் பிறப்புப் பதிவு குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தில் இருக்கும். தாய் தகப்பன் பெயரோடு சான்று நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். தாத்தாவின் இறப்புப் பதிவும் அங்கேதான். மசேநி (மத்திய சேமநிதி) 1955-லேயே வந்துவிட்டது; தாத்தா யாரையாவது நியமனம் செய்திருந்தாரா என்று அங்கே கேளுங்கள். பெரியப்பாவுக்கு ஊர்ப் பள்ளிச் சான்றும் குடும்ப அட்டையும் தேட வேண்டும். இங்கே வாங்குவதை இந்தியாவில் காட்ட அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகள் ஏற்கச் செய்யும் சான்று) வாங்கிவிடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரும் அந்த ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரகத்துக்கு அலைய வேண்டாம்.

மன்னார்குடிப் பேரன்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் காட்டினேன், பிறப்புப் பதிவுக்கு இன்றே விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார். மசேநிக்கும் எழுதுகிறேன். அக்கா, அழித்த பட்டியலைக் கேட்டு அந்த அமைப்புக்கு மறுபடி எழுதலாம் என்று இருக்கிறேன். எங்களிடம் ஃபைல் எண் இல்லை. பழைய சம்பளச் சீட்டு ஒன்றில் ஊழியர் எண் மட்டும் இருக்கிறது. அது போதுமா?

பழைய ரெஜிஸ்ட்ரி:

தாராளமாகப் போதும். அந்தக் காலத்தில் பல இடங்களில் ஊழியர் எண்ணையே பி-ஃபைலுக்கும் போடுவார்கள். சீட்டின் நகலை இணைத்து, மூன்றே மூன்று கேளுங்கள்: அழித்த தேதி, எந்தக் காலக்கெடு அட்டவணைப்படி, காப்பகம் கொடுத்த அனுமதியின் எண். கடிதத்தை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பாமல் ஆவண நிர்வாகம் பார்க்கும் அதிகாரிக்கு என்று எழுதுங்கள். சர்வீஸ் கார்டு என்று பணி விவரத்தைச் சுருக்கமாக எழுதிய அட்டை தனியாக ஒன்று இருந்ததா என்றும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். சில இடங்களில் ஃபைலைக் கழித்தாலும் கார்டை மட்டும் பெட்டியில் வைத்திருப்பார்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், அடுத்து எங்கே தட்டுவது என்று பார்ப்போம்.