மாங்குளம் முல்லைத்தீவு ரோட்டில பள்ளிக்கூடப் பஸ் எடுக்க என்ன வழி?

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருக்கிறது ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்கை, ஏ34 ரோட்டுக்கு வரவே 3 கிலோமீற்றர். மகள் ஆறாம் ஆண்டு, தனியார் வானிலதான் போறா. பழைய ஹயஸ் டொல்பின் வான், 15 சீற், காலமை நான் எண்ணினனான் 31 பிள்ளையள். கதவு சரியாப் பூட்டுதில்லை, நைலோன் கயிறு போட்டுக் கட்டி அந்தக் கயித்தை ஒரு பெரிய பெடியன் பிடிச்சுக்கொண்டு வாறான். போன கிழமை திருப்பத்தில கயிறு கழண்டு கதவு திறந்திட்டுது, மகளின்ர புத்தகப் பை ரோட்டில விழுந்தது. பை விழுந்த இடத்தில பிள்ளை விழுந்திருந்தா? ரெண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை.

டிரைவரோட கதைச்சனான், டீசல் விலைக்குக் கட்டாதாம், ஆக்களைக் குறைக்க ஏலாதாம். அதிபரிட்டையும் சொன்னனான், வான் பெற்றோர் பிடிச்சது தங்களுக்குப் பொறுப்பில்லை எண்டிட்டார். ரோட்டால போற பஸ்ஸுகள் யூனிபோமைக் கண்டா நிப்பாட்டாமலே போயிடுவினம், சீசன் டிக்கெற்றில போற பிள்ளையள் எண்டா காசு குறைவுதானே. 3 மாசமா இதே கதை. மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போவம் எண்டா என்ர மனுசன் விடிய 5 மணிக்கே வயலுக்குப் போயிடுவார்.

2005இல தொடங்கின சிசு சரிய எண்ட அரசாங்கப் பள்ளிக்கூடப் பஸ் சேவை வேற இடங்களில பிள்ளையளுக்கெண்டே ஓடுது. 40 பெற்றோர் கையெழுத்து வைக்க ரெடி.

உங்கட ஊருக்கு சிசு சரிய எடுத்த ஆக்கள் ஆராவது இருந்தா, முதல் கடிதம் ஆருக்குக் குடுத்தனீங்கள்?