கனடாவின் பிரெய்ரி (புல்வெளி மாகாணங்கள்) பயணம்: மனதைவிட்டுப் போகாத ஒரு நிறுத்தம்

உப்புக்காற்று:
லிட்டில் மேனிட்டோ ஏரியில் நடந்ததை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். போன ஜூலை, நானும் இவரும் மட்டும். கால்கரியில் கிளம்பி டிரம்ஹெல்லர், சஸ்கட்டூன், அப்புறம் ஏரிக்குப் பக்கத்து ஊரான வாட்ரஸ். டிரம்ஹெல்லர் டைனோசர் சிலையின் வாய்க்குள் 106 படி ஏறியது, வழியெல்லாம் மஞ்சள் கனோலா வயல், எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன்.

இவருக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏழு வயதில் கிணற்றில் விழுந்தவர். கல்யாணமான நாளிலிருந்து முழங்காலுக்கு மேல் நனைந்து நான் பார்த்ததில்லை. இந்த ஏரி கடலைவிட உப்பு, மூழ்கவே முடியாது, தக்கை மாதிரி மிதக்கலாம் என்று இரண்டு நாள் நச்சரித்து இறக்கிவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீர். கழுத்துக்கு அடியில் கை கொடுத்தேன். கால் தானாக மேலே வந்துவிட்டது, பத்து விரலும் வெளியே. "ஏய், மிதக்கிறேன்டி!" என்று சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

கையை எடுத்துவிட்டு ஃபோனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே குப்புறப் புரண்டுவிட்டார். அந்தத் தண்ணீரில் குப்புற விழுந்தால் காலை ஊன்றவே வராது. கண், மூக்கு எல்லாம் உப்பு. எவ்வளவு நேரம் கழித்துத் தூக்கினேன் என்று வீடியோவிலேயே இருக்கிறது: நான்கு விநாடி. அதில் என் சிரிப்புச் சத்தமும் கேட்கிறது.

கரையில் ஒரு பாட்டி நல்ல தண்ணீர் கொடுத்துக் கண்ணைக் கழுவச் சொன்னார். மூஸ் ஜா வரை இவர் பேசவில்லை. அங்கே மேக் என்கிற பிரம்மாண்ட மூஸ் மான் சிலைக்கு அடியில் நின்று, "கொம்பு பெரிசா இருக்கு" என்றார். அவ்வளவுதான். வீடியோவை நான் அழிக்கவும் இல்லை, அவருக்குக் காட்டவும் இல்லை.

கோதுமைவயல்:
எங்களுக்கு வெக்ரிவில் முட்டை. 1975இல் வைத்த உக்ரேனிய ஈஸ்டர் முட்டைச் சிலை, 25 அடிக்கு மேல் நீளம். "இதற்காகவா எட்மன்டனிலிருந்து ஒரு மணி நேரம்?" என்று மனைவிக்குக் கோபம். பெட்ரோல் பங்கில் தொடங்கிய சண்டை வேறு பாக்கி. முட்டைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். காற்று அடித்தது. இரண்டு டன்னுக்கு மேல் கனமுள்ள சாமான், மெதுவாகத் திரும்பியது. மோட்டார் கிடையாது, காற்றடிக்கிற பக்கம் திரும்பும். கூர்முனை என்னைப் பார்த்து வந்து நின்றது. "பார், முட்டைக்கே தெரிகிறது தப்பு யார்மேல் என்று" என்றாள். சிரித்தோம், சண்டை தீர்ந்தது என்று எழுத ஆசைதான். சண்டை லாய்ட்மின்ஸ்டர் வரை ஓடியது.

நெடுஞ்சாலைஒன்று:
சகோதரி, மன்னிக்கவும். மூழ்கவே முடியாது என்று நீங்கள் சொன்னதே தப்பு. உடம்பு மிதக்கும், சரி. முகம் மேலேயே இருக்கும் என்று யார் சொன்னது? நீச்சல் தெரியாதவரை இறக்கும்போது ஃபோனைக் காரில் வைத்திருக்க வேண்டும்.

இனி போகிறவர்களுக்கு. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஊரிலேயே நிரப்புங்கள், அதற்கடுத்த ஊரில் பங்க் இருக்கும் என்று நம்பாதீர்கள். சரளைச் சாலையில் எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் போங்கள், இல்லையென்றால் கண்ணாடி போச்சு. மேப்பை முன்னாலேயே இறக்கி வையுங்கள், சிக்னல் பாதி வழியில் காணாமல் போகும். மேகம் கருத்துப் பச்சை தட்டினால் ஆலங்கட்டி வரலாம், கூரை தேடுங்கள். சஸ்காட்செவனில் பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் ஆல்பர்ட்டா நேரம்தான், மானிட்டோபாவுக்குள் போனால் ஒரு மணி நேரம் கூடும். அது தெரியாமல் மியூசியம் மூடிய பிறகு போய் நிற்பவர்கள் நிறைய. பொழுது சாயும்போது ஓட்டாதீர்கள், மான். எனக்கும் ஒருமுறை குறுக்கே வந்தது. தப்பித்தோம்.

ஸ்கார்பரோஅக்கா:
தம்பி, அவ உங்களிடம் பெட்ரோல் பங்க் விலாசம் கேட்கவில்லை.

நாங்கள் டோரிங்டன் கோஃபர் மியூசியம் போனோம். கோஃபர் என்றால் வளையில் இருக்கிற அணில் மாதிரி ஒன்று. செத்த கோஃபர்களைப் பாடம் செய்து, சட்டை தொப்பி போட்டு, சின்னச் சின்னப் பெட்டிகளில் ஊர்ச் சனம் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1996இல் திறந்தபோது விலங்குரிமைக்காரர் எதிர்த்து எழுத, "நீங்களும் போய்ப் பஞ்சு அடைத்துக்கொள்ளுங்கள்" என்கிற தினுசில் ஊர்க்காரர் அஞ்சலட்டை போட்டார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனுசன் சிரிக்கவில்லை. முடி வெட்டுகிற கோஃபர் முன்னால் குந்தி இருந்து கனநேரம் பார்த்தார். "எங்கட ஊர்ச் சலூன்காரரையும் இப்படி ஒருத்தர் செய்து வைத்திருந்தால்..." என்றார், முடிக்கவில்லை. ஊரைவிட்டு வந்து முப்பது வருசம். அவர் சலூனைப் பற்றிப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மூஸ்ஜாவில்இரண்டுவருடம்:
உப்புக்காற்று, கொம்பைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் கவனித்தது சரிதான். மேக் 1984இல் வைத்த சிலை. 2015இல் நார்வேக்காரர்கள் 30 செ.மீ. கூடுதல் உயரத்தில் ஒரு மூஸ் சிலை செய்துவிட்டார்கள். விடுவார்களா? 2019இல் மேக்குக்குப் புதுக் கொம்பு மாட்டி ஜெயித்தார்கள்.

உப்புக்காற்று:
நேற்று வீடியோவைக் காட்டிவிட்டேன். இரண்டு முறை பார்த்தார். "நாலு இல்லை, ஆறு விநாடி" என்றார். இந்தக் கோடையில் கிம்லி போகலாமா என்று கேட்கிறார், வைக்கிங் சிலை பார்க்கவாம். அது வினிபெக் ஏரிக்கரை ஊர் என்று தெரிந்துதான் கேட்கிறாரா, நான் இன்னும் கேட்கவில்லை.